குக்கரம்மா போட்ட பழுப்பு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் குக்கரம்மாவுக்கும் ஒத்துப்போகாது. பதினெட்டு வருஷம் ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். அந்த விசிறியை எந்த எண்ணில் வைப்பது என்பதில்கூட ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அவர் மேசையில் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவிய சதைத் துண்டுகள் இருக்கும், காற்றுப் பட்டால் பறந்துவிடும். என் மேசையில் வியர்த்து வழிந்துகொண்டு நான் இருப்பேன். எது முக்கியம் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டேன். சதை என்று பதில் வந்தது.

நான் அங்கே டைப்பிஸ்ட். பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில் எங்கள் ஆய்வுக்கூடம். ஆபரேஷன் அறையிலிருந்து சதைத் துண்டுகள் பாட்டிலில் வரும். அவற்றை மெழுகில் புதைத்து, சீவி, ஸ்லைடு என்கிற கண்ணாடியில் ஒட்டி, சாயம் போட்டுக் கொடுத்தால், டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று சொல்வார். சொல்வதை நான் அடிப்பேன். எத்தனை பேருடைய தலையெழுத்தை இந்த விரலால் அடித்திருக்கிறேன் தெரியுமா? இருந்தும் அந்தக் கட்டடத்தில் எனக்குக் கிடைத்த பெயர் 'ஜன்னலோரச் சிடுமூஞ்சி'. ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் தலையை நீட்டும் ஜன்னல் என் மேசைக்கு நேரே இருந்தது, என்ன செய்வது?

குக்கரம்மாவின் பெயர்க்காரணம் சொல்ல வேண்டும். ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு சாதாரணச் சாயம் உண்டு, எல்லாத் துண்டுக்கும் அதைப் போடுவார்கள். அதில் புற்று இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். எந்த இடத்தில் பிறந்த புற்று என்பது சில சமயம் தெரியாது. அதற்குத்தான் மார்க்கர் சாயம். செல்லுக்குள் இன்ன சரக்கு இருக்கிறதா என்று தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து அது. சரக்கு இருந்தால் அந்த இடம் பழுப்பாகும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். ஆனால் கெடாமலிருக்கப் பார்மலின் திரவத்தில் ஊறப்போட்ட சதை லேசில் வாயைத் திறக்காது. திறக்க வைக்க, கண்ணாடித் துண்டுகளை ஒரு கரைசலில் மூழ்கவைத்துப் பிரஷர் குக்கரில் வேகவைக்க வேண்டும். நான் விளையாடவில்லை. கடையில் விற்கிற, வெயிட் போட்டு மூடுகிற, சாட்சாத் வீட்டுக் குக்கர்தான்.

அதில் வேகவைப்பதில் இந்த அம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கடிகாரம் பார்க்க மாட்டார். குக்கருக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து நிற்பார், ஆவி போடுகிற சத்தத்தைக் கேட்பார், "போதும்" என்று இறக்கிவிடுவார். வீட்டிலோ அவர் கணவர்தான் சமையல். தையல்காரர், தங்கமான மனுஷன். ஒருநாள் மதியச் சாப்பாட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு என்னிடம் அங்கலாய்த்தார்.

"ஊர்ல இருக்கிற பொம்பளைங்க கர்ப்பப்பையை எல்லாம் பக்குவமா வேகவைக்கிறாளாம் சார். வீட்டுல ஒரு முட்டை வேகவைக்கச் சொன்னா எனக்குத் தெரியாதுங்கறா."

"நாள் முழுக்கக் குக்கர் சத்தம் கேட்டுட்டு, வீட்டுக்கு வந்தும் கேக்கணுமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நாத்தனாரோ, தன் அண்ணி துணிக்குச் சாயம் போடும் கம்பெனியில் மேனேஜர் என்று வெளியே சொல்லிவைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் சதை வேகவைக்கிறாள் என்று சொன்னால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் எழுந்து போய்விடுவார்களாம்.

வந்து சேர்ந்தபோது குக்கரம்மாவுக்குப் பாட்டில் கழுவும் வேலை. யாரோ லீவு போட்ட ஒருநாள், மெழுகுக் கட்டியைச் சீவக் கத்தியைக் கொடுத்தார்கள். கை நடுங்கவே இல்லை. அன்றிலிருந்து கத்தி அவர் கைக்கு வந்தது, பாட்டில்கள் வேறொருவர் தலையில் விழுந்தன. பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கினார். அதற்குப் பிறகு அவரோடு பேசுவதே கஷ்டமாகிவிட்டது. சுத்தம், ஒழுங்கு, எண் மாறக் கூடாது, ஸ்லைடைக் கையால் தொடக் கூடாது என்று உயிரை எடுப்பார். நான் ஒருமுறை ஸ்லைடு தட்டின் மேல் டீ டம்ளரை வைத்துவிட்டேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று மாதமும் நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, 'மறுசாயப் பதிவேடு' என்கிற நீல அட்டை நோட்டு. சாயம் சரியாகப் பிடிக்காமல் திரும்பப் போட்டால் அதில் எழுத வேண்டும். பதினெட்டு வருஷமாக அதில் ஒரு எழுத்து விழவில்லை. அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படுகிற தட்டில் அதை வைத்து, வாரம் ஒருமுறை தூசி தட்டுவார்.

இரண்டாவது பெருமை, 'மகாராணி'. இதையும் விளக்கிவிடுகிறேன். நோயாளியின் துண்டு பழுப்பாகவில்லை என்றால், உண்மையிலேயே சரக்கு இல்லையா, அல்லது சாயம் போட்டதில் கோளாறா என்று எப்படித் தெரியும்? அதற்காக அதே கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சாட்சித் துண்டு ஒட்டுவார்கள். கண்ட்ரோல் என்பார்கள். கட்டாயம் பழுப்பாகும் என்று ஏற்கெனவே தெரிந்த, வேறொருவருடைய கட்டி அது. சாட்சி பழுப்பானால் சாயம் சரி. ஹார்மோன் மார்க்கருக்குச் சாட்சியாகக் குக்கரம்மா வைத்திருந்தது ஒரு மார்பகக் கட்டி. நான்கு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு பெண்ணிடமிருந்து எடுத்தது. அப்படி ஒரு பழுப்பை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லையாம். டாக்டரம்மாவே "அடேயப்பா" என்றாராம். அன்றிலிருந்து அந்த மெழுகுக் கட்டிக்கு மகாராணி என்று பெயர். இருந்த பழைய சாட்சிகளையெல்லாம், மங்கலாக இருக்கிறது என்று அடித்தட்டில் போட்டுவிட்டார்.

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை தரச் சான்று கொடுக்கிற சோதனைக் குழு வருவதாக இருந்தது. அதற்கென்றே எங்களுக்கு ஒரு தர அதிகாரி உண்டு. 'தரம் சார்' என்போம். எதைப் பார்த்தாலும் லேபிள் ஒட்டுவார். என் நாற்காலியிலும் ஒட்டினார், நாற்காலி என்று. குக்கரைப் பார்த்ததும் கையிலிருந்த லேபிளைக் கீழே வைத்துவிட்டார்.

"சமையல் பாத்திரம் லேபுக்குள்ள இருக்கக் கூடாதும்மா. வந்து பார்த்தாங்கன்னா என் மானம் போயிரும்."

"அப்போ மெஷின் வாங்கிக் குடுங்க சார்."

"கேட்டிருக்கு. வரும்."

"ஏழு வருஷமா வருது."

குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்து ஒரு பக்கம் ஆவி கசிந்துகொண்டிருந்தது. வளையம் கேட்டுக் குக்கரம்மா எழுதிய கடிதத்துக்கு ஸ்டோரிலிருந்து வந்த பதிலை நானே படித்தேன். 'தங்கள் பிரிவுக்குக் குக்கர் வழங்கப்படவில்லை. ஆகவே அதற்கான ரப்பர் வழங்க இயலாது.' வழக்கமாக இந்த மாதிரி வந்தால் தானே போய்ப் பாத்திரக்கடையில் வாங்கி மாட்டிவிடுவார். அந்த வாரம் லேபிள் ஒட்டுகிற அமளியில் போக நேரமில்லை. கசிந்த பக்கத்தைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டி, ஈரத்துணியைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் 1147 வந்தது. எங்களுக்கு ஆள் தெரியாது, எண்தான். நாற்பத்தொன்பது வயது அம்மா. இரண்டு மாதமாக ரத்தப்போக்கு நிற்கவில்லை. சுரண்டி எடுத்த துண்டுகளில் புற்று இருந்தது. ஆனால் ஸ்கேனில் கட்டி கர்ப்பப்பையின் வாயிலும் தெரிந்தது, உள்ளேயும் தெரிந்தது. வாயில் பிறந்து உள்ளே போனதா, உள்ளே பிறந்து வாய்க்கு வந்ததா என்பதுதான் கேள்வி. ஏதோ வீம்புக்குக் கேட்கிற கேள்வி இல்லை. வாயில் பிறந்ததென்றால், கட்டி அந்த அளவு வளர்ந்த பிறகு ஆபரேஷன் கிடையாது, நேரே கதிர்வீச்சு. உள்ளே பிறந்ததென்றால் முதலில் கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும். மாற்றிச் செய்தால் அந்த அம்மாவின் உயிரோடு விளையாடியதாகும்.

டாக்டரம்மா நான்கு மார்க்கர் கேட்டார். ஹார்மோனைப் பிடிக்கிற ஈ.ஆர்., அப்புறம் விமென்டின். இவை இரண்டும் உள்ளே பிறந்த புற்றில் பொதுவாகப் பழுப்பாகும். சி.இ.ஏ., பி-16 என்று இன்னும் இரண்டு. இவை வாயில் பிறந்ததற்குச் சாய்ந்த கட்சி. அதிலும் பி-16 இடைவெளி விடாமல் அப்பினாற்போல் பிடித்தால் வாய் என்று பெரும்பாலும் அடித்துச் சொல்லலாம். திட்டுத் திட்டாக இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. பதினெட்டு வருஷம் அடித்ததில் எனக்கே இவ்வளவு மண்டையில் ஏறியிருக்கிறது.

திங்கட்கிழமை குக்கரம்மா வேகவைத்தார். செவ்வாய்க் காலையில் டாக்டரம்மா பார்த்தார். விமென்டின் அரைகுறை. சி.இ.ஏ. அங்கங்கே பழுப்பு. பி-16 திட்டுத் திட்டு. ஈ.ஆர். சுத்த நீலம், ஒரு பொட்டுப் பழுப்பில்லை. மகாராணி மட்டும் ஓரத்தில் ஜம்மென்று நின்றாள்.

"ஈ.ஆர். துளிகூட இல்ல. சி.இ.ஏ. இருக்கு, பி-16-ம் இருக்கு. அப்போ வாய்தான்" என்றார் டாக்டரம்மா. அவரைக் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு அவர் மேசையில் அறுபது ஸ்லைடு, தலைக்கு மேல் தரம் சார். 'கர்ப்பப்பை வாயில் தோன்றிய புற்று' என்று நான் அடித்தேன்.

மத்தியானம் மகள் வந்தாள். துணிக்கடைச் சீருடை, நெஞ்சில் அட்டை. சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வருவாள் போல, நான்கு நாளாக அதே நேரத்துக்கு அதே மூச்சிரைப்பு.

"சார், அம்மா ரிப்போர்ட் வந்துருச்சா? கர்ப்பப்பை வாயாத்தான் இருக்கும்னு சொல்லி, நாளைக்குக் காலையில ரேடியேஷனுக்குத் தேதி போடறாங்க. இன்னைக்கு ரிப்போர்ட் கொண்டு போகலைன்னா அந்தத் தேதி போயிரும், அப்புறம் பத்து நாள் கழிச்சுத்தானாம்."

"மூணு மணிக்கு வாம்மா. கையெழுத்து ஆகணும்" என்றேன்.

"நிச்சயமா கிடைக்குமா சார்?"

"கிடைக்கும்னு சொன்னேன்ல, போய்ச் சாப்பிடு போ."

அவள் போன கொஞ்ச நேரத்தில் குக்கரம்மா, பார்த்து முடித்த ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்க வந்தார். அடுக்கும் முன் ஒவ்வொன்றையும் ஒற்றைக்கண் பழைய மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை பார்ப்பது அவர் பழக்கம். நோயைப் பார்க்க இல்லை. அது டாக்டர் வேலை, அதில் தலையிட மாட்டார். தான் போட்ட நிறத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட. கண்ணாடி பார்த்துத் தலைவாருகிற மாதிரிதான்.

"என்ன, மகாராணி தரிசனம் ஆச்சா?" என்றேன்.

ஸ்லைடை நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த அம்மா வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"1147 டைப் அடிச்சாச்சா?"

"ஆச்சு. கையெழுத்துக்குப் போகுது."

"போக விடாதீங்க."

"நல்லா இருக்கே! டாக்டர் சொன்ன ரிப்போர்ட்டை நிறுத்த நான் யாரு?"

"பிரிண்டர் ரிப்பேர்னு சொல்லுங்க."

"ரிப்பேர் இல்லையே."

"அது ரிப்பேர் இல்லாத நாள் எது? சொல்லுங்கன்னா சொல்லுங்க."

எரிச்சலாக வந்தது. என்ன விஷயம் என்று கேட்டேன். என்னைக் கூப்பிட்டுக் குழாயில் கண்ணை வைக்கச் சொன்னார். எனக்கு எல்லாம் நீலமாகத்தான் தெரிந்தது. அதுதான் கோளாறு என்றார். புற்றுச் செல்லுக்கு நடுவில் நோய் இல்லாத சாதாரணச் செல்களும் இருக்கும். இந்த வயதுப் பெண்ணுக்குக் கர்ப்பப்பையின் அந்தச் சாதாரணச் செல்களில் கொஞ்சமாவது ஈ.ஆர். பிடித்தே ஆக வேண்டுமாம். வாயானாலும் சரி, உள்ளேயானாலும் சரி. இதில் அதுவும் நீலம். அப்படியென்றால் சரக்கு இல்லாமல் போகவில்லை, துண்டு வேகவே இல்லை.

"அப்போ மகாராணி எப்படி இவ்வளவு பழுப்பா இருக்கா?"

"அவளுக்கு வேகவே வேண்டாம்" என்றார். "அவ்வளவு சரக்கு அவகிட்ட. அரைவேக்காட்டுலயும் பழுப்பாகும். அதைப் பார்த்துத்தானே வேலை சரின்னு விட்டேன். அழகா இருக்குன்னு சாட்சி வெச்சேன் பாருங்க, என்னைச் செருப்பாலயே அடிக்கணும். மங்கலா பிடிக்கிற துண்டைத்தான் சாட்சியா வெக்கணும். அதுதான் குக்கர் சரியில்லைன்னா காட்டிக் குடுக்கும்."

"குக்கர் சரியில்லைன்னு தெரியுமா உங்களுக்கு?"

"சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. காதுல விழுந்துச்சு. கண்ணுல மகாராணியைப் பார்த்ததும் காதை நம்பலை."

நான் ரிப்போர்ட்டை இழுப்பறையில் போட்டு மூடினேன். பிரிண்டரின் வயரையும் பிடுங்கிவிட்டேன், பொய் சொன்னாலும் முறையாகச் சொல்ல வேண்டும் அல்லவா.

அடுத்தது டாக்டரம்மா அறை. கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது.

"கண்ட்ரோல் அருமையா இருக்கேம்மா, எதுக்குத் திரும்பப் போடணும்?"

"அது அருமையா இருக்கிறதுதான் டாக்டர் தப்பு."

மைக்ராஸ்கோப் விளக்கு போடுகிற சத்தம் கேட்டது. பிறகு டாக்டரம்மா மெதுவாக, "ஐயோ, நான் நடுவுல இருக்கிற செல்லைப் பார்த்திருக்கணும்" என்றார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"புதுசா சீவி ஒட்டணும், ராத்திரி முழுக்கச் சூட்டுப்பெட்டியில காயணும். புது ரப்பர் வாங்கணும். பழைய சாட்சிகளைத் தேடி எடுக்கணும். வியாழக்கிழமை காலையில தரேன் டாக்டர்."

தரம் சாருக்கு மூக்கு வியர்த்துவிட்டது, வந்துவிட்டார். சாயத்தைத் திரும்பப் போடுவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை, பாவம். நீல நோட்டில் எழுதுவதில்தான் ஆட்சேபணை.

"பதினெட்டு வருஷம் சுத்தமா இருக்கிற நோட்டும்மா! வியாழக்கிழமை அதைத்தான் முதல்ல எடுத்து வைக்கலாம்னு இருந்தேன். சும்மா போட்டுக் குடுத்துருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

குக்கரம்மா நோட்டை எடுத்தார். தூசி இல்லாத அட்டையை இன்னொரு முறை துடைத்தார். முதல் பக்கத்தில், முதல் வரியில் எழுதினார். எண் 1147. காரணம்: குக்கர் கசிந்தது, கண்ட்ரோல் தேர்வு தவறு. பொறுப்பு: நான். கையெழுத்தும் போட்டார். எழுதும்போது கை நடுங்கியதை நான் பார்த்தேன், அவருடைய கைதான்.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். சொல்ல வேண்டிய வேலை எனக்கு. பிரிண்டர் ரிப்பேர், வியாழக்கிழமைதான் என்றேன். முதலில் கெஞ்சினாள். பிறகு கத்தினாள்.

"நிச்சயம்னு சொன்னீங்களே! அங்க அம்மா ரத்தத்துல கிடக்கறாங்க சார். உங்க வீட்டுல யாராவது இப்படிக் கிடந்தா பிரிண்டர் ரிப்பேர்னு உட்கார்ந்திருப்பீங்களா?"

உண்மையைச் சொன்னால் என்ன என்று தோன்றியது. எதைச் சொல்வது? உங்கம்மாவுக்கு எங்கே புற்று என்று காலையில் ஒன்று சொன்னோம், இப்போது எங்களுக்கே சந்தேகம் என்றா? இழுப்பறையில் இருந்த காகிதம் வேறு முட்டியில் இடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் கயிறு கட்டித் தொங்கிய புகார்ப் புத்தகத்தை இழுத்து அவள் ஒரு பக்கம் எழுதினாள். பேனா கிழிக்கிற சத்தம் உள்ளே குக்கரம்மாவுக்கும் கேட்டது. அவர் அப்போது கத்தியில் சீவிக்கொண்டிருந்தார். விசிறியை நானாகவே அணைத்தேன்.

வியாழக்கிழமை காலை. புது ரப்பர் போட்ட குக்கரில் வெந்து இறங்கிய ஸ்லைடுகள். ஓரத்தில் மகாராணி இல்லை, அடித்தட்டிலிருந்து எடுத்த மங்கல் சாட்சி. டாக்டரம்மா பார்த்தார். எழுந்து கதவுக்கு வந்து, "நீங்களே வந்து பாருங்கம்மா" என்றார். ஸ்லைடைப் படிக்கச் சொல்லி ஒரு டாக்டர் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குக்கரம்மா குனிந்து ஈ.ஆர். ஸ்லைடைப் பார்த்தார். சாட்சித் துண்டு பழுப்பு, மங்கலாக, ஒழுங்காக. நடுவில் சாதாரணச் செல்கள் பழுப்பு. புற்று மொத்தமும் பழுப்பு.

பி-16-ம் திரும்பப் போட்டிருந்தார். நன்றாக வெந்தும் அது திட்டுத் திட்டாகவே நின்றது, அப்பவில்லை.

"உள்ளதான் பிறந்திருக்கு. கர்ப்பப்பைதான்" என்றார் டாக்டரம்மா. "நல்லவேளை."

அடித்தேன். முதல் ரிப்போர்ட்டை எட்டாகக் கிழித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கிழிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சோதனைக் குழுத் தலைவர் பத்து மணிக்கு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நீல நோட்டைப் புரட்டினார். தரம் சார் வியர்த்துக்கொண்டு நின்றார்.

"பதினெட்டு வருஷமா ஒரு தடவைகூட சாயம் தப்பினதில்லையா?"

"இல்ல சார், இது ஒண்ணுதான், அதுவும்..."

"இந்த ஒரு வரிதான் நம்பற மாதிரி இருக்கு" என்றார் அவர். அப்புறம் புகார்ப் புத்தகத்தைக் கேட்டார். அதில் கடைசிப் பக்கம், 'வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள். ஏழைகள் என்றால் இளக்காரம். இங்கே வேலை செய்பவர்களுக்கு மனசாட்சி கிடையாது' என்று இருந்தது. குறித்துக்கொண்டார்.

ஆகவே நீதி வழங்கப்பட்டது. ஆய்வுக்கூடத்துக்குத் தரச் சான்று கிடைத்தது, தரம் சார் பூங்கொத்து வாங்கினார். குக்கருக்கு 'உயர் அழுத்த வெப்பக் கலன்' என்று லேபிள் ஒட்டி அதிகாரபூர்வமாக்கினார்கள். இனி ரப்பர் கேட்டால் வரும். குக்கரம்மாவுக்குத் தாமதம் குறித்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. 'சாயம் பிடிக்கவில்லை, திரும்பப் போட்டேன்' என்று ஒரே வரியில் பதில் எழுதினார். விளக்கம் திருப்தியளிக்கவில்லை என்று, 'சரியான கண்ட்ரோலைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்கிற மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். முடிவில் பரீட்சை. பத்துக்கு ஏழு.

"மூணு மார்க் எதுல போச்சு?" என்றேன்.

"குக்கர் சத்தத்தை வெச்சு அழுத்தம் கண்டுபிடிக்கலாம்னு எழுதினேன். தப்பாம்."

சிரித்தோம். சேர்ந்து சிரித்தது அதுவும் முதல் தடவைதான். ஆனால் அதற்கப்புறம் இரண்டு மாதம் அவர் மதியச் சாப்பாடு சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. மகாராணி சாட்சியாக நின்ற நான்கு வருஷத்தில், ஈ.ஆர். இல்லை என்று ரிப்போர்ட் போன ஸ்லைடுகள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் கிடங்கிலிருந்து எடுத்து, நடுவில் இருக்கிற சாதாரணச் செல்களைத் தேடிப் பார்த்தார். சந்தேகமானதை டாக்டரம்மாவிடம் காட்டினார். இவ்வளவும் யாரும் செய்யச் சொல்லவில்லை. நாற்பத்தொன்றும் சரியாகவே வெந்திருந்தன. கடைசி ஸ்லைடைப் பெட்டியில் வைத்த அன்று தையல்காரர் கொண்டுவந்த சாப்பாட்டை இரண்டு பேர் அளவுக்குச் சாப்பிட்டார். மகாராணியை அடித்தட்டுக்கு அனுப்பினார்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு முற்பகல். ஜன்னலில் துணிக்கடைச் சீருடை. பக்கத்தில் ஒல்லியாக, தலையில் துணி கட்டிய ஒரு அம்மா. வேறொரு டாக்டரிடமும் காட்டிப் பார்க்க ஸ்லைடுகள் வேண்டுமாம். எண் சொன்னாள். 1147. எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது.

"ஆபரேஷன் பண்ணிட்டாங்க, நல்லா முடிஞ்சுது" என்றாள் மகள், யாருக்கோ சொல்வதுபோல.

அந்த அம்மா ஜன்னலுக்குள் தலையை விட்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். "இந்த இடம்தானா? ரெண்டு நாளு இந்தா அந்தான்னு எங்களை அலைய விட்டது நீங்கதானா? அந்த ரெண்டு நாளு நான் என்ன பாடுபட்டேன்னு தெரியுமா? இன்னைக்குச் செத்தேன் நாளைக்குச் செத்தேன்னு கிடந்தேன். இந்தப் புள்ள ராவும் பகலும் அழுதுது. யார் செஞ்ச வேலை அது?"

நான் வாயைத் திறந்தேன். விட்டால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அதற்குள் குக்கரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே ஜன்னலுக்கு வந்துவிட்டார். என்னை ஒரு முறை முறைத்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"நான்தாம்மா. என்னாலதான் லேட்டாச்சு. மன்னிச்சுக்குங்க."

இப்படி ஒரேயடியாக ஒத்துக்கொள்வார் என்று அந்த அம்மா எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தணிந்தார். "வயசுல பெரியவங்களா தெரியறீங்க, அதனால விடறேன். இனிமே யாருக்கும் இப்படிப் பண்ணாதீங்க."

"பண்ண மாட்டேம்மா."

ஸ்லைடுகளைத் தானே பஞ்சு வைத்துக் கட்டிக் கொடுத்தார். "உடையாமப் பார்த்துக்குங்க" என்றார். அம்மாவும் மகளும் நடைபாதையில் போனார்கள். இவ்வளவு மெதுவாக நடந்தால் பஸ் போய்விடும் என்று அந்த அம்மா மகளை விரட்டிக்கொண்டே முன்னால் போனார். குக்கரம்மா அவர்கள் திருப்பத்தில் மறையும்வரை ஜன்னலிலேயே நின்றார்.

"நல்லா நடக்கறாங்கல்ல?" என்றார்.

"நல்லா திட்டறாங்க" என்றேன்.

"அதுக்கும் தெம்பு வேணுமே" என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போனார். உட்காருவதற்குள் குரல் வந்தது. "விசிறியைக் குறைங்க, பறக்குது."

நான் எழுந்து போய்க் குறைத்தேன்.